கமரா வரும் நாளில் மட்டும் அளக்கப்படும் அணிகள்

விளையாட்டுத் தொடர்களில் பெரும்பாலானவை இன்று இரண்டு கட்டங்களாகவே நடத்தப்படுகின்றன. முதற்கட்டத்தில் அணிகள் ஒன்றையொன்று பல தடவை சந்தித்துப் புள்ளிகளைச் சேர்க்க, அந்தப் புள்ளிகளின்படி முன்னிலையில் நிற்கும் சில அணிகள் மட்டும் இரண்டாம் கட்டத்துக்குச் சென்று, தோற்றவர் வெளியேறும் முறையில் கிண்ணத்துக்காக மோதுகின்றன. விளையாட்டுச் செய்திகளில் பிளேஓஃப் எனப்படுவது இந்த இரண்டாம் கட்டம். லங்கா பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகளுள் நான்கும், இந்தியன் பிரீமியர் லீக்கில் பத்து அணிகளுள் நான்கும் இதனை அடைகின்றன. முதற்கட்டம் வாரக்கணக்கில் நீள, இரண்டாம் கட்டம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. ஆயினும் தொலைக்காட்சிக் கமராக்களும் விளம்பரப் பணமும் நேயர்களின் கண்களும் குவிவது அந்தச் சில நாட்களில்தான் என்பதால், ஓரணியின் வல்லமையையும் அதன் வீரர்களின் மனத்திடத்தையும் நாடு எடைபோடுவதும் அந்த நாட்களை வைத்தே நடக்கிறது. தோற்ற அணிக்கு ‘அழுத்தம் தாங்காத அணி’ என்ற பெயர் அன்றிரவே சூட்டப்பட்டு, அடுத்த தொடர் வரையிலும், சில வேளைகளில் ஒரு தலைமுறைக் காலம் முழுவதும், அதனோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தப் பெயர்சூட்டல் பெரும்பாலும் தவறானது. அது பொருந்தும் சில இடங்களிலும் குறையை வீரரின் நெஞ்சில் தேடுவதைவிட, அவருக்கு முன்னர் கிடைக்காமற்போன வாய்ப்புகளில் தேடுவதே நியாயம். மன்னார்த் தீவும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையும் இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே காட்டுகின்றன.

பிளேஓஃப் முறையின் இயல்பைப் பிசகில்லாமல் காண்பதற்கு அமெரிக்கப் பேஸ்போல் தகுந்த இடமாகும். பாடசாலையில் எல்லே ஆடிப் பழகிய இலங்கையருக்கு அந்த ஆட்டத்தின் அமைப்பை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வீசப்படும் பந்தை அடித்துவிட்டு, இடையிலுள்ள தரிப்பிடங்களைத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே மீண்டால் ஓர் ஓட்டம், இரு அணிகளும் மாறிமாறி ஒன்பது தடவை துடுப்பெடுத்தாடினால் ஓர் ஆட்டம். அமெரிக்காவின் முதன்மை லீக்கில் முப்பது அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை 162 ஆட்டங்களை ஆடுகிறது. 2022ஆம் ஆண்டிலிருந்து பன்னிரண்டு அணிகள் பிளேஓஃபுக்குச் சென்று, முதலில் மூன்று ஆட்டத் தொடர், அடுத்து ஐந்து ஆட்டத் தொடர், பின்னர் இரண்டு ஏழு ஆட்டத் தொடர்கள் எனப் படியேறுகின்றன. அந்த 2022ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணி 162இல் 111 ஆட்டங்களை வென்றது. அதே பிரிவில் அதனைவிட 22 வெற்றிகள் பின்தங்கி நின்ற சான் டியேகோ பட்ரெஸ் அணியிடம் ஐந்து ஆட்டத் தொடரில் 3–1 எனத் தோற்று வெளியேறியது. அடுத்த ஆண்டு நூறு ஆட்டங்களுக்கு மேல் வென்ற அணிகளும் நூறை எட்டிய டொட்ஜர்ஸும் முதற் தொடரிலேயே வீழ, 90 ஆட்டங்களை வென்ற டெக்சஸும் 84 ஆட்டங்களை வென்ற அரிசோனாவும் இறுதித் தொடரில் சந்தித்தன. ஆறு மாத உழைப்பு ஒரு வாரத்தில் கலைந்ததைப் பார்த்தவர்கள் டொட்ஜர்ஸ் வீரர்களுக்கு நெஞ்சுரம் இல்லை என்றார்கள். பாடசாலையில் கற்பிக்கப்படும் நிகழ்தகவுக் கணக்கோ வேறொன்றைச் சொல்கிறது. எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள் ஆடினால் இரண்டை வெல்லும் வல்லமை கொண்ட அணிகூட, ஐந்து ஆட்டத் தொடரை ஏறத்தாழ ஐந்துக்கு ஒரு தடவை இழக்கும். ஒரேயோர் ஆட்டம் என்றால் மூன்றுக்கு ஒரு தடவை இழக்கும். அந்தத் தோல்விக்கு யாருடைய மனமும் உடைந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

தொலைக்காட்சிக்கு இந்தக் கணக்கு பயன்படாது, ஏனெனில் அதற்கு ஒரு முகம் வேண்டும். 1986 ஒக்டோபரில் நியூயோர்க்கில் நடந்த, உலகத் தொடர் எனப்படும் பேஸ்போல் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணியின் பில் பக்னர் என்ற வீரரின் கால்களுக்கிடையே உருண்டு சென்ற பந்து, பின்வந்த பல பத்தாண்டுகளில் எண்ணற்ற தடவை திரையிடப்பட்டது. அந்தப் பந்து உருள்வதற்கு முன்னரே பொஸ்டனின் இரண்டு ஓட்ட முன்னிலை கரைந்து ஆட்டம் 5–5 எனச் சமநிலைக்கு வந்திருந்ததும், சமநிலை ஓட்டம் பந்துவீச்சாளரின் பிழையான வீச்சினால் வந்ததும், ஏழாவது ஆட்டமொன்று எஞ்சியிருந்து அதில் பொஸ்டன் 3–0 என முன்னிலை பெற்றுப் பின்னர் 8–5 எனத் தோற்றதும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கமாட்டா. ஆகவே இரண்டு ஆட்டங்களில் ஓரணி முழுவதும் விட்ட பிழைகள் ஒரு மனிதரின் கால்களுக்கிடையே வந்து சேர்ந்தன. 2003இல் சிக்காகோவில் நேர்ந்தது இன்னும் கொடியது. இறுதித் தொடரை எட்ட ஐந்து ஆட்டமிழப்புகளே தேவைப்பட்ட நிலையில் கப்ஸ் அணி 3–0 என முன்னிலை வகிக்க, எல்லைக்கோட்டருகே இறங்கிய பந்தொன்றை நோக்கி, அவ்விடத்தில் இருக்கும் எவரும் செய்வதுபோலக் கை நீட்டிய பார்வையாளர் ஒருவரைத் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டியது. அதே சுற்றில் கப்ஸின் தடுப்பாட்டக்காரர் எளிதான பந்தைத் தவறவிட்டதும், எதிரணியான புளோரிடா மார்லின்ஸ் எட்டு ஓட்டங்களைக் குவித்ததும், மறுநாள் ஏழாவது ஆட்டத்திலும் கப்ஸ் தோற்றதும் அந்த மனிதரின் கை செய்தவை அல்ல. ஆயினும் காவலர் துணையோடு அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர்தான். 2016இல் கிண்ணத்தை வென்ற பின்னர் அந்த அணியே வெற்றி மோதிரமொன்றை அவருக்கு வழங்கித் தன் வருத்தத்தை வெளிப்படுத்தியது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு குடிமகன் தன் ஊரில் தலைமறைவாக வாழ நேர்ந்ததற்கு ஈடாக அதனைக் கொள்ள முடியாது.

இதே அளவுகோலால் மிக அதிகம் அளக்கப்பட்ட அணி, தெற்காசியாவில், இலங்கைத் துடுப்பாட்ட அணி. 2007 முதல் 2012 வரையான ஆறாண்டுகளில் ஒருநாள், இருபதுக்கு 20 ஆகிய இரு வகையிலுமாக நான்கு உலகக் கிண்ண இறுதியாட்டங்களை எட்டி நான்கிலும் தோற்றதால், ‘இறுதிவரை வந்து சறுக்கும் அணி’ என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது. அந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பெயருக்கு ஆதாரம் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. 2007 ஏப்ரல் 28 அன்று பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் மழையால் 38 ஓவர்களாகக் குறைக்கப்பட்ட ஆட்டத்தில், அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ட் 104 பந்துகளில் 149 ஓட்டங்களைக் குவித்தார். அந்நாளில் எந்த நாட்டின் பந்துவீச்சும் அவரை நிறுத்தியிருக்கும் என்று கூறுவது கடினம். 2009 ஜூன் 21 அன்று லோர்ட்ஸில் பாகிஸ்தானிடம் தோற்ற இலங்கை அணி, அதற்கு முந்தைய மார்ச் 3ஆம் திகதி அதே பாகிஸ்தானின் லாகூரில் பஸ்ஸில் சென்றுகொண்டிருந்தபோது துப்பாக்கிதாரிகளால் தாக்கப்பட்டு, வீரர்கள் பலர் காயங்களோடு நாடு திரும்பியிருந்த அணி. மூன்றரை மாதங்களுக்குள் மீண்டும் திரண்டு, இறுதியாட்டம் வரை ஓர் ஆட்டத்திலேனும் தோற்காமல் வந்தவர்களைப் பார்த்து அழுத்தம் தாங்காதவர்கள் என்று சொல்வது, சொல்பவரின் மறதியைத்தான் காட்டுகிறது.

2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வான்கடே அரங்கில் இந்தியாவுடன் நடந்த இறுதியாட்டம் இன்னும் தெளிவான சான்று. மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்களைப் பெற, இலங்கை 6 விக்கெட் இழப்புக்கு 274 ஓட்டங்களை எடுத்தது. அதற்கு முன் நடந்த ஒன்பது ஒருநாள் உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் எந்த அணியும் 250 ஓட்டங்களைத் துரத்தி வென்றதில்லை. சேவாக்கையும் டெண்டுல்கரையும் லசித் மாலிங்க 31 ஓட்டங்களுக்குள் வெளியேற்றினார். காயத்தால் அஞ்சலோ மத்தியூஸ் விலக, அரையிறுதியில் ஆடிய அணியில் நான்கு மாற்றங்களோடு இறங்கியிருந்த இலங்கையை, கம்பீரின் 97 ஓட்டங்களும் தோனியின் ஆட்டமிழக்காத 91 ஓட்டங்களும் வென்றன. தொலைக்காட்சி இன்றுவரை காட்டுவது குலசேகரவின் பந்தில் தோனி அடித்த கடைசி ஆறு ஓட்டத்தை மட்டுமே என்பதால், அதற்கு முந்தைய ஏறத்தாழ நூறு ஓவர்களில் எவரும் உடையவில்லை என்ற எளிய உண்மை பொதுநினைவில் இடம்பெறவில்லை. சமபலம் கொண்ட இரு அணிகளுக்கிடையே நான்கு இறுதியாட்டங்கள் நடந்தால், நான்கையும் குறித்த ஓரணி இழப்பதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்று. அது அரிதானது, ஆயினும் விந்தையானதல்ல. அதே ஜயவர்தனவும், அந்த இறுதியாட்டங்களில் உடன் ஆடிய சங்கக்காரவும், அதே மாலிங்கவும் 2014 ஏப்ரல் 6 அன்று மிர்பூரில் இந்தியாவை 130 ஓட்டங்களுக்குள் கட்டுப்படுத்தி இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தை வென்றபோது, மனத்திடம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பெயர்சூட்டியவர்களிடம் பதில் இருக்கவில்லை. அந்த ஆட்டத்தில் 21 பந்துகளில் 11 ஓட்டங்களை மட்டும் எடுத்த யுவராஜ் சிங்கிடம் பழி இடம்பெயர்ந்தது. 2011 தொடரின் நாயகன் அவர்தான்.

விதிவிலக்காகக் கொள்ளத்தக்கது 2012 ஒக்டோபர் 7 அன்று கொழும்பு ஆர். பிரேமதாச அரங்கில் நடந்த இறுதியாட்டம். மேற்கிந்தியத் தீவுகள் முதற் பத்து ஓவர்களில் 32 ஓட்டங்களையே எடுத்துத் திணறிக்கொண்டிருக்க, மார்லன் சாமுவேல்ஸ் 56 பந்துகளில் 78 ஓட்டங்களை அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். அணியின் மிகச் சிறந்த இறுதி ஓவர்ப் பந்துவீச்சாளராகிய மாலிங்கவின் நான்கு ஓவர்களில் 54 ஓட்டங்கள் சென்றன. 138 என்ற எட்டத்தக்க இலக்கைத் துரத்திய இலங்கை, சொந்த மண்ணில், நிரம்பி வழிந்த அரங்கில், 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 2023 செப்டெம்பர் 17 அன்று அதே அரங்கில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் முகமது சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்த, இலங்கை 50 ஓட்டங்களுடன் முடிந்தது. இவ்விரு நாட்களிலும் துடுப்பாட்ட வீரர்களின் தீர்மானங்கள் வழக்கத்துக்கு மாறாக இருந்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது. இத்தகைய நாட்களுக்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. பல்லாயிரம் தடவை செய்து உடலுக்குப் பழகிப்போன செயலை, தோல்வியின் பயம் வந்ததும் வீரர் மனத்தால் கவனித்துக் கவனித்துச் செய்யத் தொடங்குகிறார். அந்தக் கவனிப்பே செயலின் ஓட்டத்தைக் குலைக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரோய் பௌமைஸ்டர் 1984இல் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து பேஸ்போல் உலகத் தொடர்களின் முடிவுகளைத் திரட்டி, தீர்மானமான கடைசி ஆட்டத்தில் சொந்த மண்ணில் ஆடும் அணியே அதிகம் தடுமாறுகிறது என்று வாதிட்டார். 1995இல் பாரி ஷ்லென்கரும் துணைவர்களும் மேலும் சில ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. சில ஆட்டங்களின் முடிவு மாறியதும் ஒரு கோட்பாடே தள்ளாடியது என்பதிலிருந்து, இறுதியாட்டங்களை மட்டும் எண்ணி மனித மனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆய்வாளருக்கே எவ்வளவு கடினம் என்பது தெரிகிறது. ஒளிபரப்புக் கூடத்தில் அமர்ந்திருக்கும் வருணனையாளர் அதனை முப்பது விநாடிகளில் சொல்லிவிடுகிறார்.

மன்னார்க் கரையின் தொலைக்காட்சி அனுபவம் தனித்தன்மை கொண்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே என்பதால், 1982இல் ரூபவாஹினி தன் சேவையைத் தொடங்கிய பின்னரும், இக்கரை வீடுகளின் உயர்ந்த அன்ரனாக் கம்பங்கள் இந்தியாவின் தூரதர்ஷனை நோக்கியும் திருப்பப்பட்டன. அதற்கும் முன்னிருந்தே அகில இந்திய வானொலியின் தமிழ் வருணனை கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலில் ஒவ்வொரு பந்தும், தடுக்கப்பட்ட பந்தும் விடப்பட்ட பந்தும் கூட, கேட்பவரின் மனத்தில் இடம்பிடித்தது. வானொலி ஆட்டம் முழுவதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மௌனம் அதற்கு இயலாது. தொலைக்காட்சியோ மறுநாள் செய்தியில் மூன்று காட்சிகளோடு நின்றுவிடலாம். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினும், வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை ஆட்டத்தை ஒரு நாள் நீண்ட உழைப்பாகவும், அதன் பின்வந்த தலைமுறை இரண்டொரு கணங்களின் நாடகமாகவும் நினைவுகொள்வதற்கு அதுவே காரணம்.

போர்க்காலத்தில் இந்த மக்கள் ஒரே திரையின் முன் கூடியிருக்கவும் இல்லை. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். வேறு பலர் மடுவிலும், கடல் கடந்து மண்டபம் முகாமிலும் இருந்தனர். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களோடு நின்று அவுஸ்திரேலியாவை வென்ற உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தபோது, ஒரே மன்னாரின் மக்கள் இப்படிப் பல இடங்களில் சிதறிக் கிடந்தனர். மின்சாரம் இல்லாத வடக்கின் ஊர்களில் தொலைக்காட்சி என்றாலே ஜெனரேற்றர் அல்லது வாகன பற்றறி. 2007 இறுதியாட்ட இரவில் புலிகளின் விமானங்கள் கொழும்பை அண்டிய எண்ணெய்க் களஞ்சியங்களைத் தாக்க, தலைநகரின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த திரைகள் இருண்டன. அதே ஆண்டு மன்னார்ப் பெருநிலம் போர்முனையாயிற்று. ‘அழுத்தம்’ என்ற சொல்லை ஓர் ஆட்டத்தின் கடைசி ஓவருக்குப் பயன்படுத்தும்போது, இப்பகுதியின் வாசகர் அதனை வேறு அளவோடு கேட்பது இயல்பு.

இந்தக் கரையின் சொந்த விளையாட்டு உதைபந்தாட்டம். பேசாலை, பள்ளிமுனை, தாழ்வுபாடு, வங்காலை, விடத்தல்தீவு என்று கடலோரம் நெடுக, கோயில் இருக்கும் ஊரில் கழகமும் இருக்கிறது. திருவிழாக் காலச் சுற்றுப்போட்டிகள் ஊரின் மானத்தோடு பிணைந்தவை. மன்னார் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி பாடசாலை உதைபந்தாட்டத்தில் நாடறிந்த பெயர். இங்குள்ள மைதானங்களிற் பல மணற்பாங்கானவை. மணலில் பந்து விரைவில் ஓய்ந்துவிடுவதால் உதைப்பவர் பந்தின் அடியில் காலைக் கொடுத்துச் சற்று உயர்த்தியே அனுப்பப் பழகுகிறார். ஓடுபவரும் நிலம் வழுக்கும் என்று எண்ணியே அடிவைக்கிறார். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயர அடித்த பந்து எங்கே இறங்கும் என்று சொல்வதற்கில்லை. தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் முப்பது காற்றாலைகள் நிறுவப்பட்டது அந்தக் காற்றை நம்பித்தான். இந்த நிலத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப வளர்ந்த காலும் கண்ணும் கொண்ட பதினெட்டு வயது மாணவர், இரவு முழுவதும் பயணம் செய்து கொழும்பை அடைந்து, ஈரப் புற்றரையில், மின்னொளியின் கீழ், முதன்முறையாகக் கமராக்களின் முன் இறங்குகிறார். புல்லில் பந்து அவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாக வருகிறது. மின்விளக்கின் பின்னணியில் உயரப் பந்தின் தொலைவை மதிப்பிடுவது தனிப் பயிற்சி. அது அவருக்குக் கிடைத்ததில்லை. ஒலிபெருக்கி அறிவிப்பும் வருணனையும் அவருக்குப் பழக்கமற்ற மொழியில் ஒலிக்கின்றன. தொண்ணூறு நிமிடங்களும் சமநிலையில் முடிந்து, 11 மீற்றர் தொலைவிலிருந்து தண்ட உதை உதைக்க அவர் அழைக்கப்படும்போது, அந்த ஒரு மாலையில் அவருக்கு ஏற்கெனவே எத்தனையோ விடயங்கள் புதியவை.

தண்ட உதைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நோர்வே விளையாட்டு அறிவியலாளர் கெய்ர் ஜோர்டெட், நடுவரின் விசில் ஒலித்த உடனேயே விரைந்து உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று காட்டியுள்ளார். அந்த அவசரம் அந்தச் சூழலிலிருந்து தப்பிவிட வேண்டும் என்ற உந்துதலின் வெளிப்பாடு. நிதானமாக நின்று மூச்சை எடுத்து உதைப்பது கற்பிக்கத்தக்க ஒரு பழக்கம். கற்பிக்கத்தக்கது என்ற அந்தக் கண்டுபிடிப்புத்தான் மன்னாருக்கு முக்கியமானது, ஏனெனில் தண்ட உதையைத் தவறவிட்ட மாணவரைப் பற்றி ‘தூர மாவட்டப் பிள்ளைகளுக்குப் பெரிய மேடை ஒத்துவராது’ என்று எழுதப்படும் வழக்கமான வாக்கியம், பழக்கமின்மையைப் பிறவிக் குணமாக மாற்றிவிடுகிறது. தேசிய அணியும் இதே பழிக்கு ஆளாகியிருக்கிறது. 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் தொடரின் இறுதியாட்டத்தில் இலங்கை 3–3 எனச் சமநிலை கண்டு, தண்ட உதைகளில் சீஷெல்ஸிடம் தோற்றது. தொடர்ந்து, உதைபந்தாட்ட நிருவாகத்தில் தலையீடு இருந்ததாகக் கூறி, சர்வதேசச் சம்மேளனமான ஃபீஃபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்டில்தான் அந்தத் தடையை நீக்கியது. ஏழு மாதங்கள் சர்வதேச ஆட்டம் ஆடவே அனுமதிக்கப்படாத வீரர்களிடம், அதன் பின்வரும் பெரிய நாளில் நடுங்காத காலை எதிர்பார்ப்பது கொடுமை. பொறுப்பு நிருவாகிகளுடையது, திரையில் தெரிந்த முகமோ தவறவிட்ட வீரருடையது.

வடக்கின் பெயரால் ஆடும் அணிகளுக்கும் வடக்குக்கும் இடையிலான தூரத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. காலியின் பெயர் தாங்கிய அணி அந்த இறுதியாட்டங்களுள் மூன்றில் அதனிடமே தோற்றது. காலி அணியின் உரிமையாளர்களும் வீரர்களும் இடையில் மாறியிருந்தும், ‘காலி இறுதியில் சறுக்கும்’ என்ற பேச்சு ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாறிக்கொண்டே இருக்கும் பதினொரு பேருக்கு ஒரே மனம் இருப்பதாக நம்பும் இந்த வழக்கத்துக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. யாழ்ப்பாண அணியின் அத்தனை ஆட்டங்களும் அம்பாந்தோட்டை, கொழும்பு, தம்புள்ளை, பல்லேகலை போன்ற இடங்களில் நடந்தன. வடக்கில் ஒன்றுகூட நடைபெறவில்லை. ஆயினும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசெம்பரில் அந்த அணியில் இறங்கி, 2024இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் வரை சென்றார். ஆண்டுதோறும் பெரிய ஆட்டங்களை அருகிருந்து காணவும் ஆடவும் அந்த அணி அவருக்கு இடமளித்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தின் மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட அரங்குக்கான பணிகள் தொடங்கப்பட்டிருப்பது இந்த வகையில் வரவேற்கத்தக்கது. மன்னாரின் உதைபந்தாட்டத்துக்கு இதற்கு நிகரான ஏணி ஒன்றும் இன்னும் நிறுத்தப்படவில்லை.

கொழும்பின் பழைய கல்லூரிகளுடைய ஆண்டுப் பேராட்டங்களும் பருவகால றக்பி ஆட்டங்களும் பல ஆண்டுகளாக நேரலையில் வருகின்றன. அங்கே ஆடும் மாணவர் பதினைந்து வயதிலேயே கமராவைக் கண்டு, அதன் முன் தவறிழைத்து, மறுவாரம் மீண்டும் ஆடி, அதன் இருப்பையே மறந்துவிடுகிறார். அவருடைய நிதானத்தைக் குடிப்பிறப்பின் பெருமையாகப் பேசுவோர், அது எத்தனை சனிக்கிழமைகளில் உருவானது என்பதை எண்ண வேண்டும். அமெரிக்கப் பேஸ்போல் வீரருக்கு 162 ஆட்டங்களும் ஒளிபரப்பாகின்றன. பிளேஓஃபில் கமராக்களின் எண்ணிக்கை கூடுமே தவிர, கமரா புதிதாக வருவதில்லை. மன்னார் மாணவருக்கோ மாவட்டப் போட்டியில் கமரா இல்லை, மாகாணப் போட்டியில் இல்லை, காலிறுதியில் இல்லை. இறுதியாட்டத்தில் ஒரேயடியாக எட்டுக் கோணங்களிலிருந்து வருகிறது.

இதற்கான ஏற்பாடு பெருஞ்செலவு கோருவதும் அல்ல. ஊர்ச் சுற்றுப்போட்டிகள் சில ஏற்கெனவே கைத்தொலைபேசிக் கமராவில் முகநூல் நேரலையாக வெளிவர, புலம்பெயர்ந்த ஊரவர்கள் அவற்றை நள்ளிரவிலும் விழித்திருந்து பார்க்கிறார்கள். அரச தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசையான நேத்ரா, வாரத்தில் ஒரு மாலையை வடக்குக் கிழக்கின் மாவட்ட உதைபந்தாட்ட லீக் ஆட்டம் ஒன்றுக்கு ஒதுக்கலாம். மூன்று கமராக்களும், ஆட்டத்தை அறிந்த இரண்டு தமிழ் வருணனையாளர்களும் அதற்குப் போதும். வருணனையாளர்களை அந்தந்த மாவட்டத்தின் முன்னாள் வீரர்களிலிருந்தே தெரிந்தெடுத்தால், ஒரு தவறை அதற்கு முந்தைய பத்து நிமிடங்களோடு சேர்த்து விளக்கத் தெரிந்த குரல்கள் கிடைக்கும். பாடசாலை விளையாட்டுச் சங்கங்கள் தேசியக் காலிறுதிகளில் ஒன்றையேனும் ஆண்டுதோறும் கொழும்புக்கு வெளியே, வடக்கில், மின்னொளியில் நடத்தலாம். கல்வித் திணைக்களம் மன்னாரின் மைதானம் ஒன்றிலாவது புற்றரையும் நான்கு விளக்குக் கம்பங்களும் அமைத்துக் கொடுத்தால், பேசாலையிலிருந்தும் வங்காலையிலிருந்தும் வரும் அணிகள் தங்கள் முதல் மின்னொளி ஆட்டத்தைத் தங்கள் ஊரவர் முன்னிலையிலேயே ஆடி முடித்திருக்கும். தேசிய மட்டச் சுற்றுகள் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், மாவட்டப் பருவத்தின் முதல் வாரத்திலிருந்தே, அந்த விளக்குகளும் கமராக்களும் இயங்கத் தொடங்க வேண்டும்.